கௌரியம்மாளின் தவளை வண்டியும் வேடியப்பனின் வைத்தியமும்

திருத்தணி பைபாஸ் ஓரத்தில் நான் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறேன். கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்குத் தங்கள் வண்டிக்கு என்ன நோய் என்று சொல்லத் தெரியாது. "ஒரு மாதிரி சத்தம் வருதுங்க" என்பார்கள். என்ன மாதிரி என்று கேட்டால் வாயாலேயே செய்து காட்டுவார்கள். வக்கீல், வாத்தியார், கல்யாண மண்டப முதலாளி என்று எத்தனையோ பெரிய மனிதர்கள் என் கல்லாவுக்கு எதிரே நின்று 'கொர்ர்' என்றும் 'கிறீச்' என்றும் கத்தியிருக்கிறார்கள். சிரிக்காமல் கேட்டுக்கொள்ள நான் பழகிவிட்டேன்.

கௌரியம்மாள் அந்த ரகம் இல்லை. வண்டியைக் கடை வாசலில் நிறுத்திவிட்டு உட்கார்ந்தபடியே குரல் கொடுப்பார்.

"தேவி, பக்கத்து ஷெட்டு டாக்டரு கீறானா? எம்புள்ளைக்கு மறுபடியும் காய்ச்சல்."

பிறந்தது பொதட்டூர்பேட்டையில், வீட்டுக்குள்ளேயே தறி ஓடும் குடும்பத்தில். தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை அது. அவர் ரகசியம் சொன்னால் எதிர்ச்சாரி டீக்கடையில் தலை நிமிர்ந்து பார்ப்பார்கள். அத்தை மகன் பரசுராமனைக் கட்டிக்கொண்டு திருத்தணிக்கு வந்தார். பரசுராமன் லுங்கி வியாபாரி. பொதட்டூர்பேட்டையில் சரக்கு எடுத்து, பஸ்ஸில் ஏற்றி, புத்தூர், நகரி என்று ஆந்திரப் பக்கம் கொண்டுபோய்ப் போடுவார். மலைச்சரிவில் அவருடைய அப்பா விட்டுப்போன நிலம் முள்ளாகக் கிடந்தது. அதில் மல்லிச் செடி வைத்தது கௌரியம்மாள்தான். புருஷன் ஊர் சுற்றிவிட்டு வருவதற்குள் முள்ளை வெட்டி, குழி எடுத்து, செடியும் நட்டுவிட்டார். கேட்டால், "உன் லுங்கிய மோந்து பாத்தா வாசன வருமா பாவா?" என்பார்.

தோட்டத்துக்குப் போகும் பாதை செங்குத்து. முழுக்கக் கல். ஐம்பதைத் தாண்டியதும் முழங்கால் தகராறு செய்தது. ஆஸ்பத்திரி டாக்டர் மேடு ஏறக் கூடாது என்றார். "அப்ப நீங்க வந்து பூ பறிச்சுத் தரீங்களா?" என்று கேட்டுவிட்டு மாத்திரைச் சீட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். பூவெல்லாம் மொட்டாக இருக்கும்போதே பறித்துக் காலை பஸ்ஸுக்குள் மார்க்கெட்டில் சேர்த்தாக வேண்டும். அந்த நேரத்தில் நொண்டிக்கொண்டே ஏறி இறங்கினால் பஸ்ஸின் பின்பக்கத்தைத்தான் பார்க்க முடியும். அந்தச் சமயத்தில்தான் வண்டி வந்தது.

அது வந்த கதை தனி. நகரிக்கு அப்பால் மூடிப்போன ஒரு ரிசார்ட்டில் பழைய சாமான்களைக் கழித்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். குட்டையாக, பருத்த நாலு சக்கரத்தோடு, மணலிலும் மேட்டிலும் ஓட்டி விளையாடுகிற ஏடிவி வண்டி ஒன்றைப் பரசுராமன் அங்கே பார்த்தார். ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் பிள்ளைகளை ஏற்றி ஒரு ரவுண்டு விட்டால் நாலு காசு பார்க்கலாம் என்று அவருக்கு ஒரு கணக்கு. பஸ் ஸ்டாண்டிலிருந்து வீட்டுக்குப் போன் போட்டு, "கௌரி, ஏடிவி வாங்கட்டுமா?" என்று கேட்டார்.

அவர்கள் வீட்டில் பாதித் தமிழ், பாதித் தெலுங்கு. தெலுங்கில் 'ஏ' என்றால் 'எந்த'. 'வாங்கட்டுமா'வின் கடைசி இழுப்பு பஸ் ஹாரனில் போய்விட்டது. 'எந்த டிவி வாங்கட்டும்' என்றுதான் கௌரியம்மாளின் காதில் விழுந்தது.

"பெருசா, சுவத்துல மாட்டுறதா பாத்து வாங்கு பாவா" என்று சொல்லிவிட்டார்.

சொன்னதோடு நிற்கவில்லை. சுவரில் இருந்த கல்யாணப் போட்டோவைக் கழற்றி, ஆணி அடிக்க இடமும் பார்த்து வைத்தார். சாயங்காலம் லாரியிலிருந்து அது இறங்கியபோது அவர் கையில் சுத்தியல் இருந்தது. அந்தச் சுத்தியலோடு வாசலில் நின்றவரைப் பார்த்துப் பரசுராமன் லாரிக்குப் பின்னாலேயே கொஞ்ச நேரம் இருந்தார் என்று கேள்வி.

திருவிழாக் கூட்டத்துக்குள் அதைக் கொண்டுபோக யாரும் அனுமதிக்கவில்லை. பரசுராமன் ஒரே ஒரு முறை ஏறி உட்கார்ந்தார். நேரே வைக்கோல் போருக்குள் போய் நின்றது. இறங்கியவர் அப்புறம் அதைத் தொடவில்லை. மறுநாள் கௌரியம்மாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினார். பின்னால் பூக்கூடைக்கு ஒரு பிளாஸ்டிக் டிரேயைக் கட்டினார். மேட்டில் அது குந்திக் குந்தி ஏறியதைப் பார்த்துத் தெருப் பிள்ளைகள் 'தவளை' என்று பெயர் வைத்தார்கள்.

அந்த வண்டியில் கிளட்சுக்கென்று பிடி கிடையாது. எஞ்சின் வேகமெடுத்தால் உள்ளே இருக்கும் கிளட்ச் தானே விரிந்து சக்கரத்தோடு சேர்ந்துகொள்ளும். வேகம் குறைந்தால் தானே விட்டுவிடும். வலது கட்டைவிரலால் அழுத்தினால் ஓடும், இடது கைப்பிடியை இழுத்தால் பின்சக்கரம் நிற்கும். பஸ்ஸைப் பிடிக்க மட்டும் இல்லை, மத்தியானம் சும்மா செடிகளைப் பார்த்துவிட்டு வரவும் கௌரியம்மாள் மேலே போக ஆரம்பித்தார். பார்ப்பதற்கு அங்கே ஒன்றும் இருக்காது. போக முடிகிறது என்பதற்காகவே போனார்.

இனி பக்கத்து ஷெட்டு டாக்டரைப் பற்றி. என் கடையை ஒட்டி ஷெட் போட்டிருக்கும் வேடியப்பன் நல்ல மெக்கானிக். அதை நான் மறுக்க மாட்டேன். ஸ்க்ரூடிரைவரின் நுனியை எஞ்சினில் வைத்து மறுநுனியைக் காதில் வைத்துக் கேட்பான். கண்ணை மூடிக்கொள்வான். ஷெட்டில் இருக்கிற எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். இரும்பு பேசுவதைக் கேட்கும் அந்தக் காது மனுஷர் பேசினால் மட்டும் கேட்காது. மறுகாதுக்கும் தோளுக்கும் நடுவில் எப்போதும் ஒரு போன் இருக்கும். வண்டிக்காரர் சொல்ல வாயெடுத்தால், "நீங்க சும்மா இருங்க, வண்டி சொல்லும்" என்பான்.

முதல் முறை வந்தது நிஜமான கோளாறு. தோட்டத்திலிருந்து இறங்கும்போது பிரேக் பிடிக்கவில்லை. வண்டி, பூ, கௌரியம்மாள் மூன்றும் கீழே இருந்த சடகோபனின் கரும்புக்குள் போய்விட்டன. அடி ஒன்றும் பெரிதாக இல்லை. முழங்கை சிராய்ப்புதான். வேடியப்பன் பின்சக்கரத்தைக் கழற்றினான். சக்கரத்தோடு சுற்றுகிற பிரேக் டிரம்முக்குள்ளிருந்து ஒரு பூச்செடி நடுகிற அளவுக்கு மண் கொட்டியது. டிரம்மை உள்ளிருந்து அழுத்திப் பிடித்து நிறுத்துகிற பிரேக் ஷூ தேய்ந்து வெறும் தகடாக நின்றது. புது ஷூ என் கடையிலிருந்து போனது. மாட்டிக் கொடுத்தான்.

பரசுராமன்தான் ஆடிப்போய்விட்டார். லுங்கிக் கட்டோடு பஸ்ஸில் இருந்தபோது, 'உன் பொண்டாட்டி கரும்புக்குள்ள கெடக்குது' என்று யாரோ போனில் சொல்லியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு அவருக்கு உள்ளூரப் பயம். கூடவே சடகோபன் வேறு காதைக் கடித்துக்கொண்டிருந்தார். கௌரியம்மாள் தோட்டத்துக் கிணற்றில் கோடையிலும் தண்ணீர் நிற்கும். சடகோபனுக்கு அதன்மேல் ரொம்ப நாளாகக் கண். "பொம்பள இந்த வயசுல எதுக்கு மலையேறணும், எங்கிட்ட குத்தகைக்கு விடு" என்று பார்க்கும்போதெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். தன் கரும்பு ஒடிந்ததுகூட அவருக்கு வருத்தமாக இல்லை என்று எனக்குப் பட்டது.

கொஞ்ச நாள் கழித்துத் தவளை திரும்ப வந்தது. இந்த முறை நோய் வேறு. எஞ்சின் ஊரைக் கூட்டுகிறது, வண்டி நகர மாட்டேன் என்கிறது. கருகிய நாற்றம் என் கல்லா வரைக்கும் வந்தது.

வேடியப்பன் ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்தான். கண்ணை மூடினான். திறந்தான்.

"கிளட்ச் வழுக்குது. இன்னா ஆயில் ஊத்துனீங்க?"

"டிராக்டர் ஓட்டுற பையன் கார் ஆயிலு கொஞ்சம் மீந்துதுன்னு குடுத்தான், ஊத்துனேன்" என்றார் கௌரியம்மாள்.

அவ்வளவுதான், அவனுக்குத் திருவிழா. இந்த வண்டியின் கிளட்ச் ஆயிலிலேயே ஊறிக்கிடப்பது, அதில் காருக்குள்ள வழவழப்பு ஆயிலை ஊற்றினால் பிடிமானம் போய்விடும் என்று ஒரு பிரசங்கம் செய்தான். டீக்கடைக்காரர் கடையை விட்டுவிட்டு வந்து கேட்டார். அவன் சொன்னது சரிதான். ஆயிலை மாற்றினான். கிளட்ச் ஷூவையும் மாற்றினான். பின்பிரேக்கைத் திறந்து பார்த்தால் புது ஷூ பாதி தேய்ந்திருந்தது. அதையும் மாற்றினான்.

மறுபடியும் கொஞ்ச நாள்தான். தவளை திரும்ப வந்தது. அதே நாற்றம், அதே மல்லுக்கட்டு. வேடியப்பன் டிரம்மின்மேல் விரலால் ரெண்டு சொட்டுத் தண்ணீரைத் தெளித்தான். தோசைக் கல்லில் போட்ட மாதிரி சுர்ரென்று போனது. சரி, பிரேக் உள்ளே ஒட்டிக்கொண்டு விடாமல் இழுக்கிறது என்றான். ஸ்பிரிங் தளர்ந்திருக்கும் என்று புது ஸ்பிரிங் போட்டான். கேபிள் துரு பிடித்திருக்கும் என்று கேபிளை மாற்றினான். ஷூவை விரிக்கிற கட்டையைக் கழற்றிச் சுத்தம் செய்து கிரீஸ் வைத்து, மறுபடியும் புது ஷூ மாட்டினான். கடைசியில் பின்பக்கத்தைக் கல்மேல் தூக்கி வைத்து, கியரை நியூட்ரலில் தள்ளி, சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டான். தடங்கல் இல்லாமல் சுற்றியது. எதிலும் உரசவில்லை.

"நல்லாதான் கீது" என்றான் தலையைச் சொறிந்துகொண்டு.

ஷெட்டில் நல்லாதான் இருந்தது. தோட்டத்துக்குப் போனால்தான் எரிந்தது. எனக்கு வியாபாரம்தான், ஆனாலும் ஒரே அம்மாவுக்கு ஒரே சாமானை மூன்றாம் தடவையாக எடுத்து நீட்டியபோது எனக்கே எரிச்சலாக வந்தது. வேடியப்பன் பழியைக் கல்பாதையின்மேல் போட்டான். அப்புறம் வெயிலின்மேல் போட்டான். ரிசார்ட்டில் யாரோ மந்திரித்து வைத்திருக்கலாம் என்றுகூட ஒரு வார்த்தை விட்டான். அதற்கு நான் முறைத்ததும் நிறுத்திக்கொண்டான்.

அந்த வாரம் கௌரியம்மாள் வண்டியில் வராமல் ஷேர் ஆட்டோவில் வந்தார். கடைக்குள் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். குரல் எழும்பவே இல்லை. எனக்கு அதுவே பயமாக இருந்தது.

"வெள்ளிக்கெழம சடகோபன் வெத்தல தட்டு எடுத்துகினு தோட்டத்துக்கே வராரு தேவி. அன்னிக்கி வண்டி பொகையாம மேல ஏறி எறங்குனா சரி, இல்லாங்காட்டி குத்தகைக்கு வெத்தல மாத்திக்கலாம்னு பாவா சொல்லிட்டாரு."

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"இன்னா சொல்றது? ராத்திரி தூக்கம் வரலன்றாரு. கரும்புக்குள்ள என்னைத் தேடுற மாதிரியே கனா வருதாம். அதுக்கு நா இன்னா பதில் சொல்லட்டும்?" முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "செடி ஒவ்வொண்ணும் நா வெச்சது. வீட்ல ஒக்காந்துகினு நா இன்னா பண்ணுவேன், செவுத்தப் பாத்துகினு கீறதா? அந்த செவுத்துல டிவிகூட இல்ல."

அழுகையிலும் அவருக்குக் கிண்டல் வந்தது. அவர் போன பிறகு ஷெட்டுக்குள் போய் வேடியப்பனின் தோளிலிருந்து போனைப் பிடுங்கினேன்.

"வண்டி ஷெட்டுல நல்லா கீது, மலையில எரியுதுன்னா மலைக்குப் போயி பாக்கணும். வெள்ளிக்கெழம காலையில அந்தம்மாகூட வண்டியில ஏறு."

"நா பின்னாடி ஒக்காந்துகினு போறதா? பாக்கறவன் இன்னா நெனைப்பான்?"

"அப்ப ஷட்டரை எறக்கிட்டு நெனைக்கிறவன்கூட போய் பேசிகினு இரு."

வெள்ளிக்கிழமை காலையில் வேடியப்பன் பூ டிரேயின்மேல் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். உடம்பு வேறு கொஞ்சம் கனம். ஸ்க்ரூடிரைவரைச் சட்டைப் பையில் சொருகியிருந்தான். தெரிந்த முகம் எதிர்ப்பட்டால் குனிந்து சக்கரத்தை ஆராய்கிறவன்போல் பாவனை செய்தான். நான் ஸ்கூட்டரில் பின்னாலேயே போனேன். கடையைச் சாத்திவிட்டுப் போனது அன்றைக்கு மட்டும்தான்.

கரும்பைத் தாண்டி மேடு தொடங்கியது. எஞ்சின் முக்கியது. வேடியப்பன் ஸ்க்ரூடிரைவரை எடுத்துக் காதில் வைத்தான். வண்டி குலுங்கியதில் அது காதில் குத்தியது. "ஐயோ" என்றான். கௌரியம்மாள் திரும்பிப் பார்க்காமல் கவனமாக ஓட்டினார். இன்னும் கொஞ்சம் மேலே போனதும் அந்த நாற்றம் வந்துவிட்டது. மேலே கிணற்றடியில் பரசுராமனும் சடகோபனும் நிற்பது தெரிந்தது. சடகோபனின் கையில் எவர்சில்வர் தட்டு வெயிலில் மின்னியது.

அப்போதுதான் அதைப் பார்த்தேன். டிரேக்கு அடியில், வேடியப்பனின் கால்களுக்கு நடுவே, வண்டியின் பின்பக்கச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பிரேக் பிடித்தால் எரிகிற விளக்கு. மேட்டில் ஏறுகிற வண்டிக்கு எதற்குப் பிரேக்? பள்ளத்தில் எரிந்தது, மேட்டில் எரிந்தது, சமதரையிலும் எரிந்தது. ஒரு நொடிகூட அணையவில்லை.

ஹாரனை அழுத்திக்கொண்டே முன்னால் போய் மறித்தேன். வண்டி நின்றது.

"அக்கா, எடது கையி எங்க கீது?"

கௌரியம்மாள் குனிந்து பார்த்தார். நாலு விரலும் பிரேக்கின்மேல் பூப்போல மடங்கியிருந்தன. பலமாக இழுக்கவில்லை. லேசாக, ஆனால் விடாமல் பிடித்திருந்தார்.

"பிரேக்குமேல கீது. ஏன்?"

டிரேயிலிருந்து இறங்கிய வேடியப்பனுக்கு முகம் முழுக்க வெளிச்சம். மூன்று மாதமாகத் தேடிய திருடனைப் பிடித்துவிட்ட சந்தோஷம் அவனுக்கு.

"பாத்தியா தேவி? நா அப்பவே சொன்னேன், வண்டில ஒண்ணும் இல்லன்னு. ஓட்டறவங்க மேலதான் தப்பு. ஏங்க்கா, பிரேக்க புடிச்சுகினு யாராவது வண்டி ஓட்டுவாங்களா? பிரேக்கு புடிச்சுகினா சக்கரம் சுத்தாது. சக்கரம் சுத்தலன்னா கிளட்சு வழுக்கும், ரெண்டும் சேந்து எரியும். இத யாரு உங்களுக்கு சொல்லிக் குடுத்தது?"

"நீதான் நைனா" என்றார் கௌரியம்மாள்.

"நானா?"

"மொத மொத புது ஷூ மாட்டுனப்ப நீதானே சொன்ன? 'புது ஷூ, செட் ஆவணும். கொஞ்ச நாளைக்கி பிரேக்க புடிச்சுகினு ஓட்டுங்க'ன்னு. எத்தினி நாளைக்கின்னு கேட்டேன். போன்ல யார்கிட்டயோ பேசிகினே, 'நா சொல்ற வரைக்கும்'ன்ன. நீ சொல்லவே இல்லியே." அவர் குரலில் கோபம் துளிகூட இல்லை. "ஒவ்வொரு வாட்டி புதுசு மாட்டும்போதும் அதையேதான் சொன்ன. நானும் அப்பிடியேதான் ஓட்டிகினு கீறேன். வெரலு ஒரே வலி."

வேடியப்பன் ஸ்க்ரூடிரைவரைச் சட்டைப் பைக்குள் திரும்பச் சொருகினான்.

புது ஷூ மாட்டினால் போகிற போக்கில் அவ்வப்போது லேசாகப் பிடித்து விட வேண்டும், அப்போதுதான் டிரம்மோடு படியும். எல்லா மெக்கானிக்கும் சொல்வதுதான். 'புடிச்சி புடிச்சி விடுங்க' என்று சொல்லியிருக்க வேண்டும். இவன் 'புடிச்சுகினு', அதாவது பிடித்துக்கொண்டே, என்றான். எங்கள் ஊரில் அந்தக் 'கினு' ஒட்டாத பேச்சே கிடையாது. டிப்போவை விட்டே கிளம்பாத பஸ் 'வந்துகினு கீது.' வேடியப்பன் இன்னும் கையே வைக்காத வண்டி 'முடிஞ்சிகினே கீது.' நாங்கள் யாரும் அதைச் சொன்னபடி எடுத்துக்கொள்வதில்லை. கௌரியம்மாள் எடுத்துக்கொண்டார். டாக்டர் சொன்ன மருந்தை வேளை தவறாமல் சாப்பிட்டார். மருந்துதான் நோயாகிவிட்டது. ஒவ்வொரு முறையும் வேடியப்பன் புது ஷூ போட்டான், கூடவே அடுத்த நோயையும் எழுதிக் கொடுத்தான்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஸ்கூட்டரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். சிரித்துக்கொண்டே மேலே பார்த்தால் பரசுராமன் இறங்கி ஓடிவந்துகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் தட்டோடு சடகோபன். சிரிப்பு நின்றுவிட்டது.

"மறுபடியும் பொகையுதா?" பரசுராமனுக்கு மூச்சு வாங்கியது. "போதும் கௌரி. எறங்கு."

"நா சொல்லல?" என்றார் சடகோபன், தட்டைச் சரிசெய்துகொண்டே.

கௌரியம்மாள் இறங்கவில்லை. வேடியப்பனைப் பார்த்தார். காட்டிக்கொடுக்கிற பார்வை இல்லை. நீயே சொல் என்கிற பார்வை.

"அது இன்னான்னா அண்ணா," என்று வேடியப்பன் தொண்டையைக் கனைத்தான். "லைனிங் இருக்கு பாருங்க, அது ஹீட்டாயி, எக்ஸ்பேண்ட் ஆயி..."

நான் இருமினேன்.

அவன் என்னைப் பார்த்தான். தட்டைப் பார்த்தான். கொழுந்து வெற்றிலை, பாக்கு, நடுவில் ஒரு எலுமிச்சம்பழம். அப்புறம் கடகடவென்று ஒரே மூச்சில் கொட்டினான். "வண்டில கோளாறு இல்ல அண்ணா. அக்கா மேலயும் இல்ல. என் வாயிலதான். பிரேக்க புடிச்சுகினே ஓட்டுங்கன்னு நா தப்பா சொல்லிட்டேன். அவங்க நா சொன்னத கேட்டாங்க. நா அவங்கள ஒரு வார்த்த கேக்கல."

அவனை எனக்கு அப்போதுதான் முதல் தடவையாகப் பிடித்தது. ஒரு நிமிஷத்துக்கு மட்டும்.

கௌரியம்மாள் தண்ணீர் பாட்டிலை எடுத்து டிரம்மில் ஊற்றப் போனார். "சூட்டுல ஊத்தாதீங்க, கோணிக்கும்" என்று வேடியப்பன் தடுத்தான். ஆறும் வரைக்கும் எல்லாரும் நின்றோம். ஆறியதும் பிரேக் கம்பியை அளவாகத் திருகி, வண்டியைத் தள்ளிப் பார்த்தான். லேசாக உருண்டது.

"கதையா சொல்றானுங்க" என்றார் சடகோபன்.

பரசுராமனுக்கும் நம்பிக்கை வரவில்லை. கௌரியம்மாள் டிரேயைத் தட்டிக் காட்டினார்.

"ஏறு பாவா. நீயே பாரு."

"நானா?"

"சொன்னது நீதானே. ஏறி எறங்குனா சரின்னு."

வைக்கோல் போருக்குப் பிறகு அந்த மனிதர் அதன் பக்கம் போனதே இல்லை. எங்கள் எல்லாரையும் ஒரு முறை பார்த்தார். யாரும் காப்பாற்றவில்லை. ஏறி உட்கார்ந்தார். சடகோபன் என்ன நினைத்தாரோ, காரியம் எப்படியும் முடியப்போகிறது என்ற தைரியத்தில் தட்டை அவர் மடியில் வைத்தார்.

கௌரியம்மாள் இடது கை விரல்களைப் பிரேக்கிலிருந்து எடுத்து விரித்து ஒரு முறை உதறினார். கட்டைவிரலை அழுத்தினார். அந்த வண்டிக்குள் அவ்வளவு வேகம் இருந்தது அவருக்கே தெரியாது. தவளை ஒரே தாவலாகத் தாவியது. பரசுராமனின் ஒரு கை தட்டைப் பிடித்தது, இன்னொரு கை மனைவியின் தோளைப் பிடித்தது. மேடு முழுக்கப் புகை இல்லை, நாற்றம் இல்லை, முனகல்கூட இல்லை. கிணற்றைச் சுற்றித் திரும்பி இறக்கத்தில் வந்தபோது எங்களைக் கடந்து அவருடைய குரல் மட்டும் போனது.

"கௌரி, புடி, புடி. புடிச்சுகினே போ."

"புடிக்கிறப்ப புடிப்பேன் பாவா. புடிச்சுகினே இருந்ததுக்குத்தான் மூணு மாசம் எரிஞ்சேன்."

நானும் வேடியப்பனும் ஸ்கூட்டரில் பின்னால் விரட்டினோம். கீழே திருப்பம். அதற்கு அப்பால் கரும்பு. சிவப்பு விளக்கு எரிந்தது, அணைந்தது, எரிந்தது. சரியாகத் திருப்பத்துக்கு முன்னால், ஒரு கல்லும் சிதறாமல் வண்டி நின்றது.

கௌரியம்மாள் எஞ்சினை அணைத்தார். பரசுராமன் கண்களை இறுக மூடியிருந்தார். அவருடைய விரல்கள் கௌரியம்மாளின் தோளில் பதிந்திருந்தன. ஜாக்கெட் துணி கசங்கியிருந்தது.

"வண்டி நின்னுடுச்சு பாவா" என்றார் கௌரியம்மாள். இந்த முறை நிஜமாகவே மெதுவாகப் பேசினார். "எனக்கு ஒண்ணும் ஆவல. கைய எடு."

அவர் கண்ணைத் திறந்து கரும்பைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார். ஒவ்வொரு விரலாக எடுத்தார். எடுத்த கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். துடைத்தது வேர்வை மட்டும்தானா என்று நான் உற்றுப் பார்க்கவில்லை.

சடகோபன் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். பரசுராமன் மடியிலிருந்த தட்டோடு இறங்கினார். உருண்டுபோன எலுமிச்சம்பழத்தைத் தேடிப் பொறுக்கி, சேலைத் தலைப்பில் துடைக்கச் சொல்லி மனைவியிடம் நீட்டி, வாங்கித் திரும்ப நடுவில் வைத்தார். தட்டை இரண்டு கையாலும் சடகோபனிடம் கொடுத்தார்.

"வெத்தல நல்லா எளசா கீதுங்க. வீட்ல எல்லாரும் போட்டுக்கங்க."

கௌரியம்மாள் அதற்குள் வண்டியைத் திருப்பிவிட்டார். மேலே பறிக்காத செடி இன்னும் பாதி இருந்தது. பரசுராமன் ஒரு வினாடி யோசித்தார், பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு டிரேயில் ஏறி உட்கார்ந்தார். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார்.